நுரை வராத ஃபேஸ்வாஷ்

என் மனைவி இரண்டாவது விடுமுறை முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பிப் போன வருஷம்தான் என் முகம் எரிய ஆரம்பித்தது. அவள் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலையில் இருந்தாள். பெண் பார்க்க நாசரேத்துக்குப் போயிருந்தபோதே, கல்யாணம் முடிந்தாலும் கொஞ்ச வருஷம் வேலையை விட முடியாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அப்படி நேராகப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. சரி என்றேன். தினமும் சாயங்காலம் பூட்டைத் திறந்து, யாரும் இல்லாத வீட்டுக்குள் போய் விளக்கைப் போடுவது எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து சரக்கு இறங்கும்போது பக்கத்தில் நின்று லாரி லாரியாகக் குறித்துக்கொள்வது வேலை. உரம் வரும், ஜிப்சம் வரும், வெட்டிய மரம் வரும். அதிகமாக வருவது நிலக்கரி. ஆடி மாதத்து மேல்காற்றில் நிலக்கரிக் கப்பல் நின்றால் தூசி போகாத இடம் கிடையாது. கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வேன். சாயங்காலம் அவிழ்த்துப் பார்த்தால் மேல் பாதி முகம் ஒரு நிறம், கீழ்ப் பாதி வேறு நிறம்.

முத்தையாபுரத்தில் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கரியை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. குளிக்கிற சோப்புக்கு அது போகாது. அதனால் துணி துவைக்கிற சோப்பைப் போட்டே முகத்தைத் தேய்ப்பேன். தண்ணீரோ போர் தண்ணீர். சுற்றிலும் உப்பளம் உள்ள ஊரில் அதுவும் உப்பாகத்தான் இருக்கும். வருஷக்கணக்கில் இப்படிச் செய்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஆகாது என்றே இருந்துவிட்டேன்.

அந்த வருஷம் மூக்கின் இரண்டு பக்கமும் தோல் செதில் செதிலாக உரிந்தது. கன்னம் சிவந்து, சவரம் செய்தால் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு எரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன், இன்னும் சிவந்தது. கூட வேலை செய்கிறவர் சொன்னார் என்று எலுமிச்சம்பழம் தேய்த்தேன். அன்றைக்குப் பட்ட பாட்டை இங்கே எழுத வேண்டாம்.

மஸ்கட்டில் என் மனைவி டூட்டி முடிந்து அறைக்கு வந்ததும் வீடியோ காலில் கூப்பிடுவாள். எங்கள் குடும்ப வாழ்க்கை என்று ஒன்று இருந்ததென்றால் அந்த நேரம்தான். அந்த முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. தூரத்தில் இருக்கிறவளைக் கவலைப்பட வைக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சம்தான் அதைவிடப் பெரிய காரணம். நெட்வொர்க் சரியில்லை என்றேன். சார்ஜ் இல்லை என்றேன். போன் கேமராவில் ஏதோ கோளாறு என்றேன். அவள் திரையில் தெரிவாள். அவள் போனில் என் இடத்தில் கருப்புக் கட்டம் தெரியும். அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்தே சாப்பிட்டீர்களா, கப்பல் வந்ததா என்று கேட்பாள்.

கொஞ்ச நாளில் அவள் கேள்விகள் குறைந்தன. ஒரு சாயங்காலம் தணிந்த குரலில் கேட்டாள்.

“என் மேல எதுவும் வருத்தமா? உங்க மொகமே எனக்கு மறந்துரும் போல இருக்கு.”

அவள் அப்படி நினைத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேமராவைப் போட்டேன்.

அவள் வாயில் கைவைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ புண்களைப் பார்த்தவள்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, என்ன சோப்புப் போடுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். சோப்பைக் கொண்டுவந்து காட்டச் சொன்னாள். காட்டினேன். சட்டைக் காலரில் அழுக்குப் போவதற்கென்று இருக்கிற நீலச் சோப்பு. அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று திரையைவிட்டு விலகிப் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த தோல் டாக்டரிடம் அதைக் காட்டியிருக்கிறாள். பயப்பட ஒன்றும் இல்லை, வறண்ட தோல், அதிலும் எதையும் தாங்காத தோல், தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கிவிட்டார் என்று டாக்டர் சொன்னாராம். எல்லாச் சோப்பையும் நிறுத்த வேண்டும். வாசனை இல்லாத, மென்மையான ஒரு ஃபேஸ்வாஷ் போதும். நம் ஊர் மெடிக்கலிலேயே கிடைக்கும்.

எங்கள் தெரு மெடிக்கல் அண்ணாச்சிக்கு என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவரிடம் போய் ஃபேஸ்வாஷ் கேட்க வெட்கமாக இருந்ததால் பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். என்னை யாரும் அறியாத கடையாகப் பார்த்து நுழைந்தேன். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணிடம், வறண்ட தோலுக்கு ஃபேஸ்வாஷ் வேண்டும் என்றேன். முகத்தில் மாஸ்க் போட்டிருந்தேன்.

“வீட்டுல உள்ளவங்களுக்கா அண்ணாச்சி?”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆம் என்பது எளிதாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் விடவில்லை. அவர்களுக்கு முகம் முழுக்க வறண்டிருக்குமா, நெற்றியில் எண்ணெய் வடியுமா, பரு வருமா, தொட்டால் எப்படி இருக்கும் என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டே போனாள். என் முகத்தை நினைத்துப் பதில் சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் என் மனசு உண்மையாகவே என் மனைவியின் முகத்துக்குப் போய்விட்டது. அவள் நெற்றியில் எண்ணெய் வடியுமா? தெரியவில்லை. கன்னம் தொட்டால் எப்படி இருக்கும்? நான் தொட்டிருக்கிறேன். நினைவுக்கு வரவில்லை. அவள் முகம் எனக்குக் கண்ணாடிபோல வழுவழுப்பாகத்தான் ஞாபகத்துக்கு வந்தது. அது போன் திரையின் வழுவழுப்பு.

“வறண்டதுதாம்மா” என்று மட்டும் சொன்னேன்.

கடைப் பெண் ஒரு வெள்ளைக் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் அந்தக் குப்பியை வைத்துக்கொண்டு, வழி முழுக்க என் மனைவியின் கன்னத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவள் போனை வாஷ்பேசின் கண்ணாடியில் சாய்த்து வைக்கச் சொன்னாள். போர் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீரை எடுங்கள் என்றாள். குடிக்கிற நல்ல தண்ணீரிலா முகம் கழுவுவது என்று எனக்குக் கை வரவில்லை. அவள் விடவில்லை. ஒரு செம்பில் எடுத்து வைத்தேன். முகத்தை நனைத்து, குப்பியை அழுத்தினேன். கஞ்சிபோல ஏதோ கொஞ்சம் உள்ளங்கையில் விழுந்தது. தேய்த்தேன். நுரையே வரவில்லை. முகர்ந்து பார்த்தேன், வாசனையும் இல்லை. கடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்றேன்.

“நுரைக்காது. நுரைக்காம இருக்கதுதான் நல்லது. அழுத்தாதிய. விரலு தோலு மேல ஓடணும், அவ்வளவுதான். இங்கன பாருங்க.”

அவள் தன் கையைத் தன் கன்னத்தில் வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக் காட்டினாள். நான் அதைப் பார்த்துச் செய்தேன். அவள் மூக்கோரம் போனால் நானும் மூக்கோரம் போனேன். அவள் நெற்றிக்குப் போனால் நானும் போனேன். பிறகு கண்ணை மூடச் சொன்னாள். கண்ணை மூடியதும் அவள் குரல் மட்டும் பக்கத்தில் கேட்டது. மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அது என் கை என்பதே எனக்கு மறந்துபோயிற்று. தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, கண்ணைத் திறந்தால் கண்ணாடியில் நானும் அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் அவளும் இருந்தோம். “இனிமே தெனமும் இப்படித்தான்” என்றாள்.

உடனே குணமாகிவிடவில்லை. முதல் வாரம் முகம் கழுவியது போலவே இல்லை. கரி காதோரத்திலும் புருவத்திலும் அப்படியே நின்றது. ஈரத்துணியால் முதலில் தூசியை எடுத்துவிட்டுப் பிறகு அதைப் போட வேண்டும் என்று நாளடைவில் புரிந்தது. கழுவிய ஈரம் காய்வதற்குள் கிரீம் தடவ வேண்டும் என்று அவள் சொன்னதை மறந்த நாட்களில் தோல் பழையபடி இழுத்தது. ஆனால் எரிச்சல் முதலில் போனது. பிறகு சிவப்பு தணிந்தது. மூக்கோரம் உரிவது நிற்க மழைக்காலம் வந்துவிட்டது. தினமும் அவள் முதலில் என்னை வெளிச்சத்தில் வலமும் இடமும் திரும்பச் சொல்லிப் பார்ப்பாள்.

கிறிஸ்மஸுக்கு வருவதாக இருந்தாள். வீட்டுக்கு வெள்ளையடித்தேன். அவளுக்குப் பிடிக்கும் என்று பேக்கரியில் முந்திரி மக்ரூன் சொல்லி வைத்தேன். கிளம்ப வேண்டிய வாரத்தில், ஆள் பற்றாக்குறை, லீவு இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. அழாமல் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். நான் மட்டும் நாசரேத்துக்குப் போய், அவள் அப்பா அம்மாவோடு அதிகாலை ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்து, “மாப்பிள்ளைக்கு மொகம் நல்லாத் தெளிஞ்சிருக்கு” என்றார். கையில் இருந்த மக்ரூன் பொட்டலத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

கோடை உச்சத்தில் அவள் வந்தாள். மஸ்கட்டிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து ரயில். நான் விடியும்போதே ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். நல்ல சட்டை, சவரம் செய்த முகம். அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் முதலில் என் கன்னத்துக்குத்தான் போனது. என் கண்ணும் அவள் கன்னத்துக்குப் போனது.

அவள் முகம் காய்ந்து கிடந்தது. மாஸ்க் கட்டிக் கட்டி மூக்குத் தண்டில் கருத்த கோடு விழுந்திருந்தது. உதட்டோரம் வெடித்திருந்தது. பெட்டியை வாங்கும்போது பட்ட கை, சானிடைசரும் சோப்பும் போட்டுப் போட்டு, உப்புத்தாள்போல இருந்தது. அவள் எப்போதும் மங்கலான விளக்கடியில் உட்கார்ந்தே பேசுவாள். அறைத்தோழி தூங்குகிறாள், பெரிய விளக்கைப் போட முடியாது என்பாள். நானும் நம்பியிருந்தேன்.

ஆட்டோவில் வரும்போது, நீ ஏன் அந்த ஃபேஸ்வாஷைப் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்டேன். டூட்டி முடிந்து வந்தால் படுக்கத்தான் தோன்றும் என்றாள். “எனக்கு நீ சொன்ன. ஒனக்கு யாரு சொல்லுவா?” என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவள் கன்னத்தில் கையை வைத்தேன். நான் நினைத்து வைத்திருந்த எதைப்போலவும் அது இல்லை. சொரசொரவென்றும் சூடாகவும் இருந்தது. கையை எடுக்காமல் நின்றேன். அவளும் அசையாமல் நின்றாள்.

அந்த விடுமுறை முழுக்க வாஷ்பேசினில் ஒரே குப்பியை இரண்டு பேரும் பயன்படுத்தினோம். அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது. மூக்கின் கோடு மங்கியது. புதிய துறைமுகக் கடற்கரைக்குப் போய் வெயில் தாழும் வரை உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு நாள், கல்யாணமான நாளிலிருந்து வாய்வரை வந்து நின்றதைச் சொல்லிவிட்டேன்.

“போவாண்டாம்ளா. இங்கனயே இருந்துரு.”

அவள் மணலைக் கையில் அள்ளி விட்டுக்கொண்டே இருந்தாள். “கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் லீவு வாங்கினேன். அதப் போட்டாத்தான் லீவுன்னாங்க. இது முடிஞ்சதும் வந்துருதேன்.” கொஞ்சம் கழித்து, “கோவமா?” என்றாள். இல்லை என்றேன். இருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டு வரை இருந்து, அவள் மீன்குழம்பில் உப்பை மறந்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டபோது போய்விட்டது.

அவள் போகும்போது பெட்டியில் புதுக் குப்பிகளை நானே துணிக்குள் சுற்றி வைத்தேன். இப்போது சாயங்காலங்களில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகம் கழுவுகிறோம். அவள் பெரிய விளக்கைப் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது என் நிபந்தனை. அறைத்தோழியும் இப்போது எனக்கு ஹலோ சொல்கிறாள். கான்ட்ராக்ட் முடிய இன்னும் காலம் இருக்கிறது.

நேற்று அவள் கூப்பிட்ட நேரம் இங்கே மழை பிடித்துக்கொண்டது. இரைச்சலில் அவள் பேசுவது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நாளைக்குப் பேசுவோமா என்று கத்தினேன். வேண்டாம், வைக்காதிய, போனை ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் பிடியுங்கள் என்றாள். நீட்டிப் பிடித்தேன். எதிர்வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சட்டைக் கை நனைந்து தண்ணீர் முழங்கைவரை இறங்கியது. அவள் போதும் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. நானும் கையை உள்ளே இழுக்கவில்லை.