ஒரே துணியில் நாலு பிள்ளைகள்

தையல்காரருக்கு மனிதர்களை முகம் பார்த்துத் தெரியாது, தோள் பார்த்துத்தான் தெரியும். கடைத்தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்தால் அவர் கண் நேராகத் தோள்பட்டைக்குப் போகும், அங்கிருந்து கைநீளத்துக்கு இறங்கும், திரும்பக் கழுத்துக்கு ஏறி அங்கேயே நின்றுவிடும். கழுத்துக்கு மேலே இருப்பது அவர் வேலையில் சேராது. "என் கன்னத்துல மச்சம் இருக்கறதே இந்த மனுசனுக்கு மூத்தவ பொறந்தப்புறந்தான் தெரியும்" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் பாதி வருத்தம்.

வருஷம் முழுக்க மெஷினில் குனிந்தே கிடக்கிற மனிதர், கோடை லீவு விட்டதும் வேறு ஆளாகிவிடுவார். துணி மூட்டை ஏற்றுகிற பழைய வேனைக் கழுவி, பின்னால் மெத்தையை விரித்து, பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு வருஷம் அருவி, ஒரு வருஷம் குகை, ஒரு வருஷம் ஏதோ ஊரில் பழக் கண்காட்சி. அதில் பழத்தைவிட ஈக்களைத்தான் அதிகம் பார்த்தார்கள். வழி சொல்வது மனைவி. வலது இடது என்று சொன்னால் அவருக்குக் குழம்பிவிடும் என்பதால், "கத்திரிக்கோல் கைப்பக்கம் திரும்புங்க", "துணி பிடிக்கிற கைப்பக்கம் ஒடிங்க" என்பாள். அப்படிச் சொல்லியும் பாதி ஊர்களுக்கு அவர்கள் பின்வாசல் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

பயணத்துக்கு அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. மொத்தக் கடையிலிருந்து அவருக்குச் சட்டை ஆர்டர் வரும். துணி அவர்களுடையது, தையல் இவருடையது. வெட்டியதுபோக மிஞ்சிய துணியை முதலாளி இவருக்கே விட்டுவிடுவார். அந்த மிச்சத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி சட்டை தைத்துப் போட்டுத்தான் வேனில் ஏற்றுவார். அருவிக்கு ஆரஞ்சு, பழக் கண்காட்சிக்கு ஊதாவில் புள்ளி. "எந்தக் கூட்டத்துல தொலைஞ்சாலும் ஒரே பார்வையில புடிச்சிரலாம்" என்பார். அப்படிப் பிடித்தும் இருக்கிறார். தைத்த சட்டைகள் எந்த ஊருக்குப் போகின்றன, யார் போடுகிறார்கள் என்று மட்டும் முதலாளியிடம் கேட்டதே கிடையாது. கட்டிக் கொடுத்த பிறகு பெண்ணைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும், சட்டையைப் பற்றி என்ன விசாரணை என்பது அவர் கட்சி.

இந்த வருஷம் மிஞ்சியது கிளிப்பச்சையில் மஞ்சள் கோடு. போகிற இடம் ஏரிக்கரையில் பட்டம் விடும் விழா. இவருடைய மூன்று பிள்ளைகளோடு நாலாவதாக ஒரு பெண்ணும் வந்தாள்: மனைவியின் அண்ணன் மகள். அதிகம் பேசமாட்டாள், வந்து நிற்பதும் தெரியாது. அதனால் அவளைப் பூனை என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள்.

பூனை வந்தது சாதாரண விஷயம் இல்லை. அவளுடைய அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் கல்யாணத்துக்குக் கோட்டு தைத்தது இந்தத் தையல்காரர்தான். அவசரத்தில் ஒரு கை குட்டையாகிப் போனது. கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை ஒரு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்பார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கூடப் பிறந்த தங்கை அண்ணன் வீட்டு வாசற்படி மிதித்துப் பல வருஷம். குழந்தை பிறந்ததுகூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரியும். இப்போது அண்ணன் மனைவி எப்படியோ பேசிக் கரைத்து, "பொண்ணை ஒரு தடவை அத்தையோட அனுப்பிப் பாருங்களேன்" என்று அனுப்ப வைத்திருந்தாள். கண்ணாடிக்கடைக்காரர் வாசலில் நின்று சொன்னது ஒரே வார்த்தை: "அனுப்புனபடியே திரும்பி வரணும்."

வழி நெடுக மனைவி அதையே ஜபம் மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தாள். "கேட்டுச்சா? அனுப்புனபடியே. ஒரு நகம் கீறினாலும் எனக்கு இந்த ஜென்மத்துல அண்ணன் இல்ல."

"அவ என்ன பாத்திரமா, கீழ போட்டு உடைக்க?" என்றார் தையல்காரர்.

கிளம்புவதற்கு முன்னால் பூனைக்குச் சட்டை தைத்தபோது துணி போதவில்லை. வெளிப்பக்கம் எப்படியோ ஒப்பேற்றிவிட்டார். தோள்பட்டைக்கு உள்ளே வைக்கிற துணிக்கு மட்டும் பழைய ஜன்னல் திரையை வெட்டி வைத்தார், வெள்ளையில் பெரிய பெரிய சிவப்புப் பூ. போட்டுப் பார்க்கையில் அவள் உள்ளே விரலை விட்டுத் தடவினாள். "உள்ள இருக்கறது நம்ம ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். உங்கப்பாகிட்ட சொல்லிராதே, ஏற்கெனவே ஒரு கோட்டு பாக்கி இருக்கு" என்றார். அவள் தலையாட்டினாள். அப்போதும் அவர் பார்த்தது அவள் தோளைத்தான்.

ஏரிக்கரையில் எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். மீன் பட்டம், குடை பட்டம், எட்டுக்கால் பூச்சிப் பட்டம். தரையில் ஒரு பெரிய பட்டம், தெருவையே மூடுகிற அளவு, வாலை நீட்டிப் படுத்துக் கிடந்தது. தையல்காரர் பூனையின் கையைப் பிடித்தபடி அதன் அருகே போனார். வாலைப் பார்த்ததும் கை நமநமவென்றது. இது பட்டா, நைலானா, இரட்டைத் தையலா? தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியுமா? இரண்டு கையாலும் எடுத்து முகத்தருகே பிடித்துப் பார்த்தார். இரண்டு கையாலும் என்றால் பூனையின் கை என்ன ஆயிற்று என்று அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

விசில் சத்தம் கேட்டது. கூடாரத்துக்குப் பின்னாலிருந்து, பட்டத்தின் கயிற்றை இழுத்து ஓடுவதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பெரும் கூட்டமாக வந்தார்கள். அத்தனை பேரும் கிளிப்பச்சை. மஞ்சள் கோடு.

தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ராத்திரி பகலாகத் தைத்துக் கொடுத்த ஆர்டர் முழுக்கக் கால் முளைத்து எதிரே ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பூனை இல்லை. பக்கத்தில் ஏராளமான பூனைகள் இருந்தன.

ஒரு கையைப் பிடித்து இழுத்தார். "வா வா, அத்தை தேடறா."

"யாரு நீங்க?" என்றான் அவன். பையன்!

இன்னொரு தோளைத் திருப்பினார். காலரைப் பார்த்தார், அவர் தையல். பொத்தானைப் பார்த்தார், அவர் தைத்த பொத்தான். எந்தச் சட்டையைப் பிடித்தாலும் தன் கைதான் தெரிந்தது. எல்லாமே தன் பிள்ளைகள்போலவும் இருந்தது, ஒன்றுகூடத் தன்னுடையது இல்லைபோலவும் இருந்தது.

மனைவி மூன்று பிள்ளைகளோடு ஓடி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "எங்க அவ?"

"இங்கதான்... இந்தப் பச்சைதான்..."

"சட்டைய விடுங்க, மூஞ்சியப் பாருங்க!"

பார்த்தார். முகங்கள் வந்தன, போயின. எந்த முகத்தைத் தேடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. மனைவி கூட்டத்துக்குள் நுழைய, இவர் ஒலிபெருக்கி வைத்திருந்த மேஜைக்கு ஓடினார். அங்கே இருந்த ஆள் கேட்டார்: "கொழந்தை எப்படி இருக்கும்?"

"கிளிப்பச்சைச் சட்டை."

அந்த ஆள் மைதானத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "வெளையாடறீங்களா? முகம் எப்படி? வட்டமா, நீளமா?"

"தோள் பதினொண்ணரை. கை பதினாலு. கழுத்து..."

"நான் சட்டையா தைக்கப் போறேன்? கண்ணு, மூக்கு சொல்லுங்கய்யா!"

தையல்காரர் யோசித்துப் பார்த்தார். இரண்டு நாள் ஒரே வேனில் வந்த பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள். கண் பெரிதா சின்னதா? பல் விழுந்திருந்ததா? நினைவில் ஒரு தோள் வந்து நின்றது, அதற்கு மேலே புகைமாதிரி இருந்தது. மைத்துனர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: அனுப்பினபடியே. அனுப்பியபோது எப்படி இருந்தாள் என்று தெரிந்தால்தானே அப்படியே திருப்பிக் கொடுக்க முடியும்? மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதுவிட்டார். அந்த ஆள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

பெரிய பட்டம் எழுந்தது. பச்சைக் கூட்டம் கயிற்றோடு ஏரிப்பக்கம் ஓடிப்போக, மைதானம் வெறிச்சென்று ஆனது. வால் கிடந்த இடத்தில், அவர் அவளை விட்ட அதே இடத்தில், ஒரு சின்ன உருவம் நின்றிருந்தது. தோள் முழுக்கச் சிவப்புப் பூ.

ஜன்னல் திரை!

ஓடிப்போய் முன்னால் மண்டியிட்டார். சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றிப் போட்டிருந்தாள். முதல் தடவையாக அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். அறிமுகமே இல்லாத முகமாக இருந்தது. அதனால் சந்தேகம் வந்து கேட்டார்: "நீ பூனைதானே?"

"ஆமா மாமா."

"ஏம்மா திருப்பிப் போட்டே?"

"எல்லாரும் ஒரே மாதிரி வந்தாங்க. உங்களுக்குத்தான் என்னைத் தெரியாதே" என்றாள் பூனை, குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி. "பூவைத் தெரியும்ல."

பின்னால் வந்த மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவரை இன்னும் குழப்பியது.

திரும்பும் வழி முழுக்க அவர் வேன் கண்ணாடியில் பின்னால் இருந்த முகங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு இடத்தில் வழி தப்பியது. பூனை சட்டையை நேராகப் போட மறுத்துவிட்டாள். அப்படியேதான் அவளை அவள் அப்பாவின் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதாயிற்று.

கண்ணாடிக்கடைக்காரர் மகளின் தோளைப் பார்த்தார். "என்ன மாப்ள இது, ஜன்னல் திரை மாதிரி இருக்கு?"

"ஜன்னல் திரைதான் மச்சான்" என்றார் தையல்காரர். பிறகு, மனைவி கண்ணைக் காட்டக் காட்ட, துணி போதாததிலிருந்து கையை விட்டது, மூக்கு சொல்லத் தெரியாமல் அழுதது வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள்.

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில் மகளிடம் கேட்டார்: "பயந்தியா?"

"கொஞ்சம். மாமாதான் ரொம்ப பயந்தாரு."

"அடுத்த வருஷம்?"

"போவேன்."

அவர் தங்கையைப் பார்த்து, "ஏன் வெளியவே நிக்கிறே? உள்ள வா" என்றார். பிறகு தையல்காரரிடம் திரும்பினார். "அடுத்த வருஷம் நானும் வர்றேன். உன்னை நம்பி அனுப்ப முடியாது. ஆனா ஒண்ணு, எனக்கு மட்டும் சட்டை தைக்காதே."

தையல்காரர் மைத்துனரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா," என்று மனைவியின் காதில் மெல்லக் கேட்டார், "உங்கண்ணனுக்குத் தாடையில குழி எப்ப விழுந்துச்சு?"

"பொறந்ததுலேருந்து" என்றாள் அவள், படி ஏறிக்கொண்டே.