அப்பாவின் காரில் நான் மாட்டிய தண்ணீர் ஜாடி

“தண்ணிய ஊத்தி மைலேஜ் ஏத்துவியா? இன்னா பாப்பா, படிச்சா இப்படித்தான் ஆவுமா?”

ஆண்டர்சன்பேட்டை கார் ஸ்டாண்டில் என் யோசனையைச் சொன்னபோது டிரைவர் சேகர் அண்ணன் இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். விடுவேனா?

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வாயுவைப் பிரிக்கும் ஜாடி ஒன்றை நானே செய்து, அப்பாவின் வாடகைக் காரில் பேட்டரியோடு இணைத்தேன். அந்த வாயு இன்ஜினுக்குள் போய் எரிந்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது என் கணக்கு. ஒரே மாதத்தில் மைலேஜ் நன்றாகவே கூடியது. கேலி செய்த சேகர் அண்ணனே, “எனக்கும் ஒண்ணு மாட்டிக் குடும்மா” என்றார். இன்னும் மூன்று டிரைவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அவர்களுக்குச் செய்யுமுன் எங்கள் ஜாடியைப் பார்க்கலாமென்று பானெட்டைத் திறந்தேன். ஃபியூஸ் எரிந்திருந்தது. தண்ணீர் நான் ஊற்றிய அளவிலேயே நின்றது. முதல் நாளிலிருந்தே வாயு வரவில்லை.

“அப்புறம் எப்படிப்பா மைலேஜ் ஏறுச்சு?”

அப்பா தலையைச் சொறிந்தார். “நீ செஞ்சது தோத்துடக் கூடாதுன்னு மெள்ளமா ஓட்டுனேம்மா. வேகமா மிதிக்கவே இல்ல. நின்ன எடத்துல எல்லாம் இன்ஜின ஆஃப் பண்ணேன். பேத்தமங்களா ஊருக்குப் போற பாசஞ்சருங்க ஒரே திட்டு.”

தண்ணீரைப் பிரிக்கும் மின்சாரத்துக்கும் அதே பெட்ரோல்தான் எரிய வேண்டும், மிச்சமாகாது என்று வகுப்பில் படித்தவள் நான். ஜெயிக்கும் அவசரத்தில் அதை ஒதுக்கிவிட்டேன். அப்பாவோ எனக்காக ஒரு மாதம் திட்டு வாங்கியிருக்கிறார். நான் வாங்கிய எந்த மார்க்கும் எனக்கு இவ்வளவு பெருமை தந்ததில்லை.

அன்றே ஜாடியைக் கழற்றினேன். மறுநாள் ஸ்டாண்டுக்குப் போய் நான்கு பேரிடமும் சொன்னேன்: “ஜாடி வேலையே செய்யலண்ணே. அந்த மைலேஜ் அப்பா ஓட்டுனதால வந்தது.”