இரண்டு விரல் சுருதி

எந்த மின்சுற்றுப் பலகை வந்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடையில் அவருக்கு இருபது வருட சர்வீஸ். கருகிய வாடையை வைத்தே எது போயிற்று என்று சொல்லிவிடுவார், மீட்டரெல்லாம் அப்புறம்தான். கடையில் அவருக்கு மூக்கக்கா என்றே பெயர். "மூக்கு இருக்கறவளைத்தானே அப்படிச் சொல்ல முடியும்" என்பார்.

மூன்று மாதமாக அந்த மூக்கு, வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் நுழைந்திருக்கிறது. டப்பாவுக்குள் அவரே செய்த ஆஸிலேட்டர்: ஒரே சுருதியில் விடாமல் ஒலிக்கும் சின்ன மின்சுற்று. சின்தசைஸரின் தொண்டை அதுதான். "கொசு இன்னிக்கும் உண்டா?" என்று கேட்டபடி கணவர் தட்டோடு டிவி பக்கம் நகர்ந்துவிடுகிறார்.

அது கொசு அல்ல, மூக்கக்கா இழந்த குரல். சின்ன வயதிலிருந்தே தங்கை பாடுவாள், இவர் கூடவே சுருதி பிடிப்பார். மேடையெல்லாம் கிடையாது, பாத்திரம் தேய்க்கும்போது, துணி காயப்போடும்போது. மூன்று வருடத்துக்கு முன் தைராய்டு ஆபரேஷனில் இவர் குரல் கரகரத்துப் போயிற்று. அதே வருடம் தங்கையும் விமானம் ஏறினாள். போனவள் பாடுவதையே விட்டுவிட்டாள். "நீ பிடிக்காம எனக்கு வரலக்கா" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அவள் பாடி ஒரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று இவருக்கு ஏங்கி ஏங்கி நாள் போகிறது.

போனில் இருவர் சேர்ந்து பாட முடியாது. குரல் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேரும். ஆனால் அசையாமல் நிற்கும் சுருதி பிந்திப் போனால் யாருக்குத் தெரியப்போகிறது? இது தோன்றிய அன்று கடையில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாராம்.

போன ஞாயிறு முதல் ஒத்திகை.

"என்னக்கா சத்தம்?"

"நான்தான்டி. பாடு."

தங்கை இரண்டு வரி பாடினாள். நிறுத்திவிட்டாள். "ஏறிக்கிட்டே போகுதுக்கா. விடு, பரவால்ல." அந்தப் பரவாயில்லையைத்தான் மூக்கக்காவால் பொறுக்க முடியவில்லை.

கருகிய வாடை எதுவும் இல்லை, மூக்கு கைவிட்டது. மின்சாரம் தரும் பகுதியை மாற்றினார், கெப்பாசிட்டரை மாற்றினார். சூடேற ஏறச் சுருதியும் ஏறியது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் குளிர வைத்தார். அருகருகே இருந்த இரண்டு டிரான்சிஸ்டர்களைத் தொட்டதும் ஒலி சறுக்கியது. "இத்தனை நாளா நீங்க ரெண்டு பேருதானா?" இரண்டிலும் சூடு மாறாமல் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். முகத்தோடு முகம் சேர்த்து நூலால் கட்டினார், பசை தடவினார். ஏறுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டையும் பிடித்தபோது மட்டும் அப்படியே நின்றது. உடம்புச் சூடு மாறாதல்லவா.

இந்த ஞாயிறு மதியம் தங்கை அழைப்பதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போன் டப்பாமேல் சாய்ந்திருந்தது, படம் இல்லாத வெறும் குரல் அழைப்புதான். தங்கை தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். முதல் வரி கட்டிப்போன தொண்டையில் வந்தது. மூன்றாவது வரியில் அவள் பழைய குரல் வந்துவிட்டது. மூக்கக்காவுக்குக் கண் நிறைந்தது. துடைக்க இடது கை மிச்சமிருந்தது.

பாட்டு முழுசாக முடிந்தது.

"அசையவே இல்லையேக்கா. சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"அப்புறம் ஏன் அங்கேயே உக்காந்திருக்க? இன்னும் சாப்பிட்டிருக்க மாட்ட. அதை ஓட விட்டுட்டுப் போய்ச் சாப்பிடு. எனக்கு இன்னும் கொஞ்சம் பாடணும் போல இருக்கு."

"சரிடி, போறேன்."

பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைக் காலால் தள்ளி, எழுந்து போகிற சத்தத்தை எழுப்பினார். வலது கை விரல்கள் இரண்டும் டப்பாவுக்குள்ளேயே இருந்தன.