கழுவாமல் வைத்த மல்பெரி

திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள் பலரும் ஆடியில்தான் ஊர் திரும்புவார்கள். நந்தகுமாரும் அப்படித்தான். பட்டுப்புழுவுக்காகத் தோட்டத்தில் மல்பெரிக் குச்சி நட்டவனே அவன். ஏழு வருஷமாகியும் அதன் பழத்தை அவன் வாயில் போட்டதில்லை. பழம் கறுக்கிற மாசி, பங்குனியில் அவன் ஒடிசாவில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பான்.

"ஒரு பழமாச்சும் தின்னோணும் புள்ள" என்று போன வருஷம் போனில் சொன்னான். மனைவி வெண்ணிலா பழத்தை மஞ்சள் தண்ணீரில் கழுவி, தூக்குப்போசியில் இறுக்கி மூடி ஃபிரிட்ஜில் வைத்தாள். நாலாம் நாள் பூஞ்சை பூத்துக் கிடந்தது. அவள் அழுததைக் கேட்டபின் அவன் பழப் பேச்சையே எடுக்கவில்லை.

ஈரத் தழை தின்றால் புழு நோய் கண்டு சாகும் என்று ஒரு சொட்டுத் தண்ணீர் அண்டாமல் தழை போடுகிறவள், பழத்தை மட்டும் குளிப்பாட்டி வைத்திருக்கிறாள். தன் புத்தியைத் தானே நொந்துகொண்டாள்.

இந்த வருஷம் புழுவுக்குத் தழை பற்றாமல் போனபோதும் வேலியோரத்து நாலு செடியில் அவள் அரிவாளை வைக்கவில்லை. பனி உலர்ந்தபின் பழம் பறித்தாள். கழுவவில்லை. தழை பரப்புகிற மாதிரியே தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஃப்ரீசரில் கல்லாக உறையவிட்டு, அப்புறம் டப்பாவில் அடைத்தாள்.

ஆடி பிறந்தது. வந்து கைகால் கழுவி உட்கார்ந்தவன் முன்னால் டப்பாவைக் குலுக்கினாள். கூழாங்கல் உருளும் சத்தம். உள்ளே பழங்கள் தனித்தனியாக, காம்புகூட உதிராமல் இருந்தன. நந்தகுமார் கையை நீட்டினான்.

"இருங்க, கை ஈரமா இருக்குது. வேணுங்கறத மட்டும் எடுத்து அலசித் தாரனுங்க."

கிண்ணத்தில் வந்ததை ஒவ்வொன்றாகத் தின்றான். நாக்கு நீலமானது. ஃப்ரீசரை எட்டிப் பார்த்தான். அடுக்கடுக்காக டப்பாக்கள், ஒவ்வொன்றின் மேலும் பறித்த தேதி. ஒன்றில் பங்குனி ஏழு. அறுநூறு அடி துளைத்தும் தண்ணீர் இல்லாமல் புழுதிப் புகைதான் வந்தது அன்றைக்கு. வீட்டுக்குப் போன்கூடப் போடவில்லை. அன்றைக்கும் இவள் பறித்திருக்கிறாள்.

"இத்தன எதுக்கு புள்ள?"

"நீங்க இல்லாத நாளெல்லாம் பழுத்துச்சுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

ஈரக் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பங்குனி ஏழு டப்பாவை அவனே எடுத்தான்.