இருமல்களை எண்ணிய ஜெயசீலி டீச்சர்

செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளையில் எங்கள் அலுவலக எழுத்தர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "சார், ஜெயசீலி டீச்சர் காலைல தவறிட்டாங்க" என்றார். அழுகை வருவதற்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது.

கோச்சடையில் எங்கள் மிஷன் பள்ளியில் அவரோடு பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அவர் கணக்கு, நான் அறிவியல். அவர் வீட்டில் பீடி, சிகரெட் பிடிப்பவர் யாரும் இல்லை. விறகடுப்பும் கிடையாது. அப்படிப்பட்டவருக்கு நுரையீரல் எப்படிக் கெட்டது என்று, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் துக்க வீட்டில் கேட்டீர்கள். அதை இங்கே சொல்கிறேன்.

காலை ஜெபத்துக்குள் பள்ளி வளாகம் துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது. வேப்பிலை, பாலித்தீன் பை, உடைந்த பேனா எல்லாவற்றையும் கூட்டிப் பின்சுவர் ஓரம் கொளுத்திவிடுவோம். மணி அடிக்கும்போது தரை பளிச்சென்று இருக்கும், பிள்ளைகள் தலைக்கு மேல் புகை நிற்கும். சுத்தமான பள்ளி என்று கேடயம் வேறு வாங்கினோம். காற்று மாசு பாடம் நடத்தியவனும் நானேதான், வெட்கக்கேடு.

ஜெபத்தின் நடுவே ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். அப்போது எத்தனை பிள்ளைகள் இருமுகிறார்கள் என்று டீச்சர் எண்ணுவார். "கண்ணைத்தான மூடச் சொன்னாங்க, காதையா மூடச் சொன்னாங்க?" என்பார். எண்ணியதை ஒரு பழைய டைரியில் பென்சில் கோடுகளாகப் போடுவார். "என்ன டீச்சர், இன்னைக்கு இருமல் எம்புட்டு?" என்று கிண்டல் செய்வதில் நான்தான் முதல் ஆள்.

ஒருநாள் டைரியை என் மேசையில் விரித்து வைத்தார். குப்பை எரிக்காத நாள்களில் கோடுகள் குறைவு. எரித்த நாள்களில் வரி கொள்ளவில்லை. "உங்க மக ரெண்டாவது வரிசைல நிக்கிறா சார். அவ இருமலும் இதுல இருக்கு" என்றார். மகளுக்கு ஆஸ்துமா என்று மருத்துவர் சொன்னது அடுத்த மாதம். அதன் பிறகு பள்ளியில் நான் தீக்குச்சி கிழிக்கவில்லை.

டீச்சருக்கு அப்போதும் நிம்மதி இல்லை. புகையால் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள் என்று டெல்லியிலிருந்து அவர் தங்கை போனில் சொன்னால், இங்கே இவர் ஜன்னலைச் சாத்துவார். "எந்த ஊருப் பிள்ளைக்கும் நெஞ்சு ஒண்ணுதான சார்? சுவத்துக்கு அங்கிட்டு எரியிறது இங்கிட்டு வராதா?" என்று கேட்டார். வைகைக் கரையில் இன்றைக்கும் ஏதாவது எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது அவர் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. இதற்கு நானும் காரணமா என்று கேட்க நினைத்தேன், தைரியம் வரவில்லை. அவர்தான் கேட்டார்: "மக எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா டீச்சர்."

அன்று காலையில்தான் அவள் இரண்டு முறை இன்ஹேலர் எடுத்திருந்தாள். டீச்சர் என் முகத்தையே பார்த்தார். "பொய் சொல்றீங்க சார்" என்று மெதுவாகச் சொன்னார்.

டைரி அவர் குடும்பத்தாரிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அவருடைய பயம். மகள் இப்போது நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கல்லூரிக்குப் போகிறாள். "போயிட்டு வாரேன்ப்பா" என்று அவள் படியிறங்கியதும் வாசலில் நின்று காதைக் கொடுக்கிறேன். தெருமுனை திரும்பும்வரை இருமல் சத்தம் இல்லை. அதற்கு அப்பால் எனக்குக் கேட்காது.