தேங்காய் வலித்த கதை

மலேசியாவுக்கு வந்த புதிதில், எங்கள் அடுக்குமாடிக் காவலாளி காலையில் என்னைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா அக்கா?" என்று கேட்டார். பசியோடு இருப்பவள் போலவா தெரிகிறேன் என்று அன்று முழுக்கக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே பசியாறுவது என்றால் காலை உணவு சாப்பிடுவது, அவ்வளவுதான். நாங்கள் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் தடுக்கி விழுந்தால் தமிழ்க்கடை. ஆனாலும் கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்த தமிழோடு அங்கே நின்றால், கடைக்காரர் சிரித்தபடி, "ஊர்லேர்ந்து வந்தவங்களா?" என்று கேட்டுவிடுவார். வந்து பல மாதம் ஆன பிறகும் கேட்டார்.

என் கணவரின் வேலை எங்களை இங்கே கொண்டுவந்தது. மகள் இனியாவுக்குப் பதின்மூன்று வயது. பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தோம். கிள்ளானிலிருந்து வரும் ஷாமினிதான் அவளுடைய முதல் தோழி. வீட்டில் எந்நேரமும் ஷாமினி புராணம்தான். திடீரென்று அந்தப் பேச்சு நின்றது. பள்ளிக்குக் கிளம்பும்போது தினம் வயிற்றுவலி வந்தது. ஊர் தண்ணீர் மாறினால் அப்படித்தான் என்று நான் ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். எதிர் மேசையில் மூன்று பெண்கள், இனியாவின் வயதுதான். எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி தன் தலையைத் தட்டிக் காட்டி, "கெலாபா!" என்றாள்.

"ஒன் ஃபிரண்ட்ஸா?" என்று கேட்டுவிட்டு, நான் அவர்களுக்கு உற்சாகமாகக் கை வேறு ஆட்டினேன். திரும்பிப் பார்த்தால் இனியா இலையை மடித்திருந்தாள். சோறு அப்படியே இருந்தது.

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதும்மா," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் போனை என்னிடம் நீட்டினாள். மலாய் வகுப்பில் உடம்பு சரியில்லாததைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மலாயில் தலைக்குக் கெபாலா, தேங்காய்க்குக் கெலாபா. என் மகள் எழுந்து நின்று, 'என் தேங்காய் வலிக்கிறது' என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். அத்தோடு போயிருந்தால் அது நல்ல கதை. யாரோ அதைப் படமெடுத்து, அவள் முகத்தைத் தேங்காயில் ஒட்டி, ஸ்டிக்கராக்கி வகுப்புக் குழுவில் போட்டிருந்தார்கள். அங்கிருந்து வேறு வகுப்பு, வேறு பள்ளி. பெயரில்லாத ஒரு கணக்கு அவளுடைய பாட்டு வீடியோக்களைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றிலும் தேங்காய் உடைக்கும் சத்தம் சேர்த்துப் போட்டிருந்தது. கீழே, 'வந்த கப்பலிலேயே திரும்பிப் போ' என்று தமிழிலேயே ஒருவர் எழுதியிருந்தார்.

நான் படித்த காலத்தில், பள்ளியில் என் உயரத்துக்காக என்னைக் கொக்கு என்பார்கள். மணியடித்ததும் அந்தப் பெயர் பள்ளி வாசலோடு நின்றுவிடும். தெருவில் நான் வெறும் கோமதிதான். கோடை விடுமுறை முடிந்து போனால் பாதிப் பேருக்கு அது மறந்தேபோயிருக்கும். என் மகளுக்கு வாசல் என்ற ஒன்றே இல்லை. படுக்கையில் தலையணைக்குப் பக்கத்திலேயே அத்தனை பேரும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பேசாம ஊருக்கே போயிரலாமா?" என்றார் என் கணவர்.

"அங்க மட்டும் என்னப்பா, போன் இல்லையா?" என்றாள் இனியா.

பள்ளிக்குப் போய்ச் சொன்னேன். ஆசிரியை இனிமையாக, "டோன்ட் வொரி, கேன் செட்டில்," என்றார். எப்போது என்றேன். "கேன், கேன்," என்றார். முடியும் என்கிற அந்தக் கேன் பதிலா, வெறும் ஆறுதலா என்று புரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஸ்டிக்கர் செய்தது யார் என்று இனியாவுக்குத் தெரிந்தே இருந்தது. அதுதான் அவளுக்குப் பெரிய வலி. ஷாமினி.

நான் ஷாமினியின் அம்மா பரமேஸ்வரிக்குப் போன் செய்து, "உங்க வீட்டுக்கு வரணும், கொஞ்சம் பேசணும்," என்று விறைப்பாகச் சொன்னேன். என் விறைப்பு அவருக்கு எட்டவில்லை. "வாங்க லா, அதுக்கென்னா!" என்றார். நானும் இனியாவும் ரயிலேறிக் கிள்ளான் போய்ச் சேர்ந்தால், மேசை நிறைய மீஹூன், கறிபாப், வடை. விருந்துக்கு வருகிறோம் என்று நினைத்திருக்கிறார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கோபத்தை மடியில் தட்டோடு வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது?

பேசாமல் போனைக் காட்டினேன். பரமேஸ்வரி ஸ்டிக்கரைப் பார்த்துப் பக்கென்று சிரித்துவிட்டார். "ஹையோ, யாரு இது?" என்று கேட்டவர், நிமிர்ந்து இனியாவைப் பார்த்தார். சிரிப்பு வாயிலேயே நின்றது.

"சாரி டா கண்ணு. யாரு செஞ்சா இத?"

தேநீர் கொண்டுவந்த ஷாமினி தட்டைக் கீழே வைத்தாள். "நான்தான் மா. ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்புனேன். விளையாட்டுக்கு."

"அறிவு இருக்கா டி ஒனக்கு?"

"அதுக்கு முன்னாடி என்னைத்தான் மா வெச்சி செஞ்சிக்கிட்டு இருந்தாங்க. என் முடியப் பார்த்து ரம்புத்தான், ரம்புத்தான்னு. புதுசா ஒண்ணு கெடச்சா என்னை விட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

"விட்டாங்களா?" என்று கேட்டாள் இனியா.

"இல்ல," என்று சொல்லிவிட்டு ஷாமினி அழ ஆரம்பித்தாள்.

பரமேஸ்வரி என்னைப் பார்த்தார். மகள் எதற்காகக் கொஞ்ச நாளாக, அந்தப் பழத்தின் தோல்போல் சுருண்டு நிற்கும் தலைமுடியை நேராக்கித் தரச் சொல்லி உயிரை எடுத்தாள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. என் ஓமத்தண்ணீரை நினைத்துக்கொண்டேன்.

"என்கிட்ட சொல்லிருக்கலாம்ல?" என்றாள் இனியா.

"சொன்னா நீ என்னா செஞ்சிருப்ப?"

"ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கலாம்."

திரும்பும்போது ரயிலில், "மன்னிச்சிட்டியா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "இன்னும் இல்ல. ஆனா கறிபாப் நல்லா இருந்துச்சு."

மறுநாள் பரமேஸ்வரியும் நானும் பிள்ளைகளோடு பள்ளித் தலைமையாசிரியர் முன் போய் உட்கார்ந்தோம். ஷாமினி தான் செய்ததைச் சொன்னாள். தனக்கு மற்றவர்கள் செய்ததையும், அவர்களின் பெயர்களையும் சொன்னாள். "அவங்க அப்பா அம்மாவ எங்க முன்னாடியே கூப்புடுங்க. நாங்க இங்கயே உக்காந்திருக்கோம்," என்றார் பரமேஸ்வரி. அன்று கேன் என்பதற்கு யாரும் இரண்டு அர்த்தம் சொல்லவில்லை. பெற்றோர்கள் அழைக்கப்பட்டார்கள், அந்தப் பெயரில்லாத கணக்கு மறைந்தது. ஸ்டிக்கர் மட்டும் யார் யார் போனிலோ இன்னும் இருக்கும். அதைத் திரும்ப வாங்க வழியில்லை. இனியா மறுபடி பள்ளிக்குப் போகிறாள். இப்போது அவளும் ஷாமினியும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். பழைய கலகலப்பு இல்லை, ஆனால் ஒருத்தி வராவிட்டால் மற்றவள் சாப்பிடாமல் காத்திருக்கிறாளாம்.

போன சனிக்கிழமை, இனியா பால்கனியில் நின்று கோவில்பட்டியில் இருக்கும் என் அண்ணன் பிள்ளைகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ சொன்னாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஏய், இவ மலேசியாக்காரி மாதிரியே இழுக்கா!" என்று ஒருவன் கத்தினான். நான் அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியோடு அசையாமல் நின்றேன்.

"சிரி லா, நல்லா சிரி. நீ இங்கன வந்து மலாய் பேசு, அப்ப பாக்குறேன்," என்றாள் இனியா. சொல்லிவிட்டு அவளே பெரிதாகச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழே மோனோரயில் வந்தது. "ரயிலக் காட்டு, ரயிலக் காட்டு!" என்று பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அவள் போனைக் கொஞ்சம் திருப்பினாள். திரையில் பாதி என் மகளின் முகம், மீதிப் பாதியில் ரயில் போய்க்கொண்டிருந்தது.