நெற்றியில் எழுதிய பெயர்

தொலூக்கா நகரத்துத் தூண் மண்டபத்தில் ஓதிலியாவின் கடைக்கு வருகிறவர்கள் சர்க்கரைக்காக வருவதில்லை, அவள் கையெழுத்துக்காக வருவார்கள். செத்தவர்கள் வருஷத்துக்கொருமுறை வீடு தேடி வரும் திருநாளுக்கு விற்கிற சர்க்கரை மண்டையோடு எல்லாக் கடையிலும் ஒன்றுதான். மண் அச்சில் பாகை ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுப்பாகைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெறுமை. கண்ணுக்கு ஜிகினாத் தாள். ஆனால் ஓதிலியா சர்க்கரைக் குழம்பு அடைத்த காகிதக் கூம்பைப் பிதுக்கி நெற்றியில் பெயரெழுதினால், அந்த ஆளே திரும்பிப் பார்ப்பது போலிருக்கும்.

"மாமியார் பேரு எழுதுங்க, பெருசா," என்பார் ஒருவர்.

"போய்ச் சேந்துட்டாங்களா?"

"எங்க? கல்லு மாதிரி இருக்காங்க. அதான் எழுதச் சொல்றேன்."

உயிரோடிருப்பவர் கையில் கொடுத்தால் கேலி, பிரியம். செத்தவருக்கென்றால் படையலில் வைப்பது. இந்த வித்தியாசம் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

அடுத்த கடை தங்கை கசில்தாவுடையது. அவள் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும். வருஷாவருஷம் அக்கா பெயரைத் தங்கையும் தங்கை பெயரை அக்காவும் எழுதிக் கொடுப்பார்கள். கொடுத்தவள் எதிரிலேயே நெற்றியைக் கடித்துக் காட்ட வேண்டும். புருஷன் விட்டுப்போன வருஷங்கூட ஓதிலியா அழுதுகொண்டே கடித்தாள்.

அம்மா போய்ச் சேர்ந்த வருஷம் வீட்டில் அவளுக்குப் படையல் மேடை கட்ட வேண்டியிருந்தது. தங்கையைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓதிலியா வீட்டுக்குப் போன நேரத்தில் சாரல் மண்டபத்துக்குள் அடித்தது. திரும்பி வந்தபோது, பெயரெழுதி வைத்திருந்த பலகை முழுக்க நெற்றிகள் கரைந்து, ஒருவர் பெயர் இன்னொருவர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. தங்கையின் பலகைமேல் தார்ப்பாய் கிடந்தது.

"உன்னுத மட்டும் மூடிக்கிட்டியாடி?"

"காத்து பிடுங்குச்சுக்கா. எது கிட்ட இருந்துச்சோ அத மூடினேன்."

"உன்னுதுதான் எப்பவும் உனக்குக் கிட்ட இருக்கும்."



அன்று சாயங்காலம் ஓதிலியா மிஞ்சியிருந்த ஒரு மண்டையோட்டில் 'கசில்தா' என்று எழுதினாள். கோபத்தில் எழுதியது அவ்வளவு அழகாக வருமென்று அவளே நினைக்கவில்லை. வீட்டுப் படையல் மேடையில் செண்டுப்பூக்களை விலக்கி, அம்மா படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

மறுநாள் மதியம் கசில்தா அக்கா வீட்டுக்கு வந்தாள், துணி மூடிய பலகையோடு. விரல் முட்டியெல்லாம் பாகு பட்டுக் கொப்புளம். துணிக்கடியில், கரைந்துபோன அத்தனை பேரும் புதிதாக இருந்தார்கள், கோழி கிளறிய எழுத்தில், ஒரு பெயர் விடாமல்.

"ஒங்கையெழுத்து மாதிரி வரலக்கா. திட்டுறவங்கள எங்கிட்ட அனுப்பி..."

அப்போதுதான் அவள் கண் படையலில் விழுந்தது. சிரிக்கப் பார்த்தாள்.

"நல்லா எழுதியிருக்க. அம்மா பக்கத்துலயே எடம் போட்டுட்ட."

ஓதிலியா அதை எடுத்துவிடக் கையை நீட்டினாள்.

"தொடாத. சாம்பிராணி போட்டாச்சு. வெச்சத எடுத்தா அம்மா வெறுங்கையோட போவா."

அப்படித் தடுத்துவிட்டு, கசில்தா பலகையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

செத்தவர்கள் வந்து போகிறவரைக்கும் ஓதிலியா அந்தப் பெயரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். படையல் கலைத்ததும் முதல் வேலையாக அதை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக் கதவைத் தட்டினாள். கசில்தா வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"அவங்க மோந்துட்டுப் போன சர்க்கரைல ருசி இருக்காதுக்கா," என்று திருப்பிக் கொடுத்தாள். கோபமில்லை. தெரியாத வாடிக்கைக்காரரிடம் பேசுகிற குரல்.

வீட்டுக்கு வந்து, தங்கை வைத்துப்போன பலகையை எடுத்தபோது, வாடிக்கைக்காரர்கள் வாங்கிப்போனது போக மூலையில் ஒன்று மிஞ்சியிருந்தது. கோணல்மாணலாக, 'ஓதிலியா'.

இப்போது கசில்தாவின் கடை மண்டபத்தின் மறுகோடியில். சாரல் அடித்தால் ஓதிலியாவின் கண் முதலில் அங்கேதான் போகிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கோணல் எழுத்து அப்படியே இருக்கிறது.

"இது விக்கிறதா?" என்று கேட்கிறார்கள்.

"இல்ல. இத எழுதினவ எதிர்ல நிக்கும்போதுதான் கடிக்கணும்," என்கிறாள்.